தெற்கே போகும் மெதுவண்டி: இத்தாலியில் பத்து நாள்

கல்லூரி விடுதியில் எங்களை யாரும் சொந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை, ஊர்ப்பெயரே பெயர். இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தும் அது மாறாததால் இங்கும் அப்படியே எழுதுகிறேன். தென்காசி ஜெர்மனியில் வேலை பார்ப்பவன். சிதம்பரம் முட்டைகூடத் தொடாத சைவன். ஓசூர் எந்த ஊருக்குப் போவதானாலும் ஒரு மாதம் முன்பிருந்தே படித்துவிட்டு வருபவன். கோவில்பட்டியான நான் கணக்கு எழுதுபவன். நாளொன்றுக்கு ஆளுக்கு 60 யூரோ, அதற்குள் அறை, சாப்பாடு, ரயில் எல்லாம் அடங்க வேண்டும் என்பது புறப்படும் முன்பே செய்துகொண்ட ஒப்பந்தம். தெற்கு இத்தாலியைத் தேர்ந்தெடுத்தது ஓசூர்தான். ஐரோப்பாவில் பயணிகளோடு ஒரு ரயில் அப்படியே கப்பலுக்குள் ஏறும் இடம் அங்கே இருக்கிறது என்பதைத் தவிர அவன் வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை. கணக்கு நோட்டின் ஓரங்களில் இரவுதோறும் கிறுக்கி வைத்தவற்றிலிருந்து இதை எழுதுகிறேன்.

அக்டோபர் 5, சனி: ரோம் முதல் நேப்பிள்ஸ் வரை

அதிவேக ரயிலில் ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு 70 நிமிடம். நாங்கள் ஏறிய வட்டார ரயில் ஃபோர்மியா வழியாக ஏறத்தாழ 3 மணி நேரம் எடுத்துக்கொண்டது. கட்டணம் ஆளுக்கு 13 யூரோ சொச்சம். ஃபோர்மியாவை நெருங்கும்போது வலப்பக்கம் சிறிது நேரம் கடல் தெரிந்தது, பிறகு மறைந்தது. பெட்டியில் எங்களைத் தவிர எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் பாதிப்பேர் ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாதவர்கள் என்பது அவர்கள் வெவ்வேறு நிலையங்களில் தனித்தனியே இறங்கிப் போனபோதுதான் புரிந்தது.

நேப்பிள்ஸில் எங்கள் அறை ஐந்தாவது மாடியில். மின்தூக்கியில் காசு போட்டால்தான் அது நகரும். பழைய கட்டடங்களில் இது இங்கே வழக்கமாம். பெட்டிகளோடு நின்ற நால்வரிடமும் நோட்டுகள் இருந்தன, சில்லறைக் காசு ஒன்றுகூட இல்லை. கீழ்வீட்டுக்காரர் ஒருவர் வெளியே வந்து, எங்களைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்துப் போட்டு, மேலே போகும்படி கையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று முதல் சில்லறைக் காசுகளைத் தனிப் பையில் காப்பது என் கூடுதல் பொறுப்பாயிற்று. அறைக்காரர் தலைக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்று நகர வரியையும் ரொக்கமாகக் கேட்டார். அதை நாங்கள் கணக்கில் எதிர்பார்த்திருக்கவில்லை.

காப்பிக் கடையில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, சீட்டை வாங்கி, அதை மேடையில் வைத்து நிற்க வேண்டும். காப்பி 1.20 யூரோ, உட்கார்ந்து குடித்தால் விலை கூடும் என்பதால் ஊரே நின்றபடி குடிக்கிறது. முதலில் ஒரு சிறு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் தருகிறார்கள். வாயைச் சுத்தப்படுத்திக்கொண்டு காப்பியைக் குடிக்க வேண்டும் என்பது முறை. இரண்டே மடக்கு. சிதம்பரம் அதைப் பார்த்து, "இது காப்பி இல்லைடா, டிகாக்ஷன்" என்றான்; ஆனால் இரண்டாவதும் வாங்கிக் குடித்தான். இங்கே ஒரு காப்பி குடித்துவிட்டு இரண்டுக்குப் பணம் கட்டிப்போகும் வழக்கம் உண்டு. மிச்சமுள்ள ஒன்று, கையில் காசில்லாமல் பிறகு வரும் யாரோ ஒருவருக்கு. ஓசூர் அப்படியொன்றுக்குக் கட்டினான். அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டேன். "காப்பி என்றே எழுது" என்றான்.

இரவு ஆளுக்கொரு மார்கெரீத்தா பீட்சா, 6 யூரோ. தட்டைவிடப் பெரியது, நடுவில் நீர்த்திருந்தது, ஓரத்தில் கருகியிருந்தது. மூன்றுமே குறையல்ல, அப்படித்தான் இருக்க வேண்டுமாம். ரசீதில் உட்கார்ந்ததற்கென்று தலைக்கு ஒன்றரை யூரோ சேர்ந்திருந்தது.

அக்டோபர் 6, ஞாயிறு: பொம்பெய்

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்களிலும் தொல்லிடங்களிலும் நுழைவு இலவசம். இந்த ஏற்பாடு 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. எங்கள் பயணத் தேதியையே அதற்கேற்ப அமைத்திருந்தோம். எங்களைப் போலவே கணக்குப் போட்டவர்கள் எத்தனை பேர் என்பது, வெசூவியஸ் மலையடிவாரத்தைச் சுற்றி ஓடும் புறநகர் வண்டியில் ஏறியவுடன் தெரிந்துவிட்டது. உடலெங்கும் கிறுக்கல் வண்ணம் பூசப்பட்ட அந்த வண்டியில் கால் வைக்க இடமில்லை, காற்றும் இல்லை. அந்த நெரிசலிலும் ஓசூர், இத்தாலியின் முதல் ரயில் 1839 அக்டோபர் 3ஆம் நாள் நேப்பிள்ஸிலிருந்து போர்த்திச்சிக்கு ஓடியது என்றும், இப்போது அந்தப் போர்த்திச்சியைத்தான் கடக்கிறோம் என்றும் என் காதருகே விளக்கிக்கொண்டு வந்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒருவருடைய அக்குள்.

பொம்பெயைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்துப் புதையுண்ட அந்த ஊரில் என்னை நிறுத்தியது தெருதான். வண்டிச் சக்கரங்கள் தேய்த்துத் தேய்த்துக் கருங்கல்லில் பள்ளம் விழுந்திருக்கிறது. தெருவில் ஓடும் அழுக்குநீரில் கால்படாமல் கடக்க, குறுக்கே உயர்ந்த கற்கள் போட்டிருக்கிறார்கள். அந்தக் கற்களுக்கிடையே சக்கரம் போவதற்கு அளவாக இடம் விட்டிருக்கிறார்கள். ஒரு ரொட்டிக்கடையில் கழுதை சுற்றிய மாவரைக்கும் கற்கள் அப்படியே நிற்கின்றன. 1862இல் தோண்டியபோது அங்கே ஒரு கடையின் அடுப்பில் 81 ரொட்டிகள் கரியாகிக் கிடந்தனவாம். எண்ணி வைத்தவன் என்னைப் போல் ஒரு கணக்குப்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். வெயில் அக்டோபருக்கு அதிகம். தெருக்குழாய்களில் இன்றும் குடிதண்ணீர் வருகிறது. நாள் முழுவதும் தண்ணீருக்கு ஒரு காசும் செலவில்லை.

அக்டோபர் 7, திங்கள்: கப்பல்

காலை பத்து மணியை ஒட்டி நேப்பிள்ஸில் ஏறினோம். இது வட்டார வண்டியல்ல, நெடுந்தூர வண்டி. முன்கூட்டி வாங்கியதால் மலிவாகக் கிடைத்தது. ஓசூர் கட்டளைப்படி நால்வரும் வலப்பக்கச் சன்னலைப் பிடித்தோம். சலேர்னோவைத் தாண்டிச் சில மணி நேரம் கழித்து, கலாப்ரியாவில் நுழைந்தபின், கடல் கூடவே வரத் தொடங்கியது. தண்டவாளம் சில இடங்களில் கடற்கரை மணலை ஒட்டியே போகிறது. ஒரு குகைவழி முடிந்து வெளியே வரும்போது நீலம், அடுத்த குகைவழியில் இருட்டு, மீண்டும் நீலம். பாவோலா நிலையத்துக்குப் பிறகு தென்காசி தூங்கிவிட்டான். எதிரே இருந்த தம்பதியர் காகிதத்தில் சுற்றிய ரொட்டியைப் பிரித்தனர். தாங்கள் சாப்பிடும் முன் எங்களிடம் நீட்டினர். வேண்டாம் என்றோம். மறுபடி நீட்டினர். மூன்றாம் முறை மறுத்தால் மரியாதையல்ல என்று அந்த அம்மாளின் முகமே சொன்னதால் ஆளுக்கொரு துண்டு வாங்கிக்கொண்டோம். உள்ளே கத்திரிக்காய் இருந்தது சிதம்பரத்தின் அதிர்ஷ்டம்.

சிசிலித் தீவுக்குக் கப்பலேறும் துறையான வில்லா சான் ஜொவான்னியில் வண்டி நின்றது. சிறிது நேரத்தில் குளிர்சாதனமும் நின்றது. பெட்டிகளைப் பிரிக்கும் ஓசை கேட்டது. வண்டி முன்னே போயிற்று, பின்னே வந்தது, மறுபடி முன்னே போயிற்று. கப்பலின் அடித்தளத்தில் பல வரிசைகளாகத் தண்டவாளம் இருக்கிறது. ரயில் முழு நீளத்துக்கு அங்கே இடமில்லை என்பதால் அதைத் துண்டு துண்டாக்கி, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக உள்ளே தள்ளுகிறார்கள். சன்னல் வழியே பார்த்துக்கொண்டே இருந்தேன். வானம் போயிற்று, அந்த இடத்தில் வெள்ளை வண்ணம் அடித்த இரும்புச் சுவர் வந்து, கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. பெரிய அதிர்ச்சி எதுவும் இல்லை. இரும்பு இரும்போடு உரசும் சத்தம், சங்கிலிகளை மாட்டும் சத்தம், அவ்வளவுதான். ஓசூர் பேசவேயில்லை. அவன் பேசாமல் இருந்ததை நான் விடுதிக் காலத்திலும் பார்த்ததில்லை.

பெட்டியிலிருந்து இறங்கி, ரயிலுக்கும் சுவருக்கும் இடையே பக்கவாட்டில் நடந்து, படியேறி மேல்தளத்துக்குப் போகலாம். போனோம். நீரிணை மிகக் குறுகிய இடத்தில் 3 கிலோமீட்டர் அளவுதான். கடப்பதற்கு அரை மணிகூட ஆகாது, ஆனால் பிரித்து ஏற்றி இறக்கிச் சேர்ப்பதற்கு எல்லாமாக இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. மேலே காற்று பலமாக அடித்தது. உள்ளூர்க்காரர்கள் கடலைப் பார்க்கவில்லை. நேராகக் கப்பலின் சிற்றுண்டிச் சாலைக்குப் போய், அரான்சினோ எனப்படும் பொரித்த சோற்றுருண்டையை வாங்கிக்கொண்டு வந்தார்கள். கப்பலில் அதைச் சாப்பிட்டால்தான் சிசிலிக்காரனுக்கு வீடு திரும்பிய உணர்வு வருமாம். ஓசூர் வாங்கப் போனபோது தட்டு காலி.

இங்கே 3,300 மீட்டர் இடைவெளியில் தொங்குபாலம் ஒன்று கட்டும் திட்டம் பல பத்தாண்டுகளாகப் பேசப்படுகிறது. பக்கத்தில் நின்ற இளைஞரிடம் தென்காசி தன் அரைகுறை இத்தாலியனில் அதைப் பற்றிக் கேட்டான். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, தன் தாத்தாவிடமும் இதைத்தான் கேட்டார்கள் என்றார். அக்கரையில், சிசிலியின் மெசினாத் துறைமுக வாயிலில் உயர்ந்த தூணின் மேல் பொன்னிற மாதா சிலை கைநீட்டி நிற்கிறது. 1908 டிசம்பர் 28இல் நிலநடுக்கமும் கடற்பேரலையும் சேர்ந்து இந்த நகரத்தை அழித்தன. இப்போது நிற்கும் மெசினா ஏறக்குறைய முழுவதும் அதற்குப் பின் எழுந்தது.

அதன்பின் கடல் இடப்பக்கத்துக்கு மாறியது. கத்தானியாவில் இறங்கியபோது மாலை.

அக்டோபர் 8, செவ்வாய்: கத்தானியா

ஊரே கருப்பு. எட்னா எரிமலை கக்கிய குழம்பு உறைந்த கல்லால் 1693 நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்டி எழுப்பிய நகரம் இது. பெருங்கோயில் சதுக்கத்தில் அதே கருங்கல்லில் செய்த யானை ஒன்று, முதுகில் எகிப்தியத் தூணைச் சுமந்துகொண்டு நிற்கிறது. சதுக்கத்தின் பின்புறம் இறங்கினால் மீன் சந்தை. வாள்மீனின் தலை மூக்கு நீட்டி நிமிர்ந்திருக்க, அதன் பின்னால் நின்று ஒருவர் ஏலம் விடுவது போல் கத்திக்கொண்டிருந்தார். சிதம்பரம் வெளியே நின்றுகொண்டான்.

காலைச் சாப்பாட்டுக்குக் கிரனீத்தாவும் பிரியோஷும். கிரனீத்தா என்பது அரைத்த பனிக்கூழ். அதில் வெண்ணெய் மணக்கும் மெத்தென்ற பன்னைப் பிய்த்துத் தோய்த்துச் சாப்பிட வேண்டும். காலை எட்டு மணிக்கு ஐஸைத் தொட்டுக்கொண்டு பன் தின்பதா என்று தயங்கியவன் நான். இரண்டாம் நாள் முதலில் எழுந்து கடைவாசலில் நின்றவனும் நானே. பாதாம் கிரனீத்தா சேர்த்து 4 யூரோ.

மதியம் நடந்ததைச் சிதம்பரம் இன்னும் மன்னிக்கவில்லை. அரான்சினோக் கடையில் "வெண்ணெய்" என்று பொருள்படும் பெயர்ப்பலகையை ஓசூர் படித்துக்காட்டி, "தைரியமாகச் சாப்பிடு, வெண்ணெய்தான்" என்றான். மூன்றாம் கடியில் சிதம்பரம் நிறுத்தினான். உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு துண்டு. வெண்ணெய் அரான்சினோவில் பாலாடைக்கட்டியோடு பன்றி இறைச்சியும் வைப்பது வழக்கமென்று கடைக்காரப் பெண் மிக இயல்பாக விளக்கினாள். அவன் ஒரு வார்த்தையும் சொல்லாமல் தெருக்குழாய்க்குப் போய்ப் பத்து நிமிடம் வாய் கொப்பளித்தான். ஒரு மாதம் படித்துவிட்டு வந்தவனுக்கு இந்த ஒன்று விட்டுப்போயிற்று. இரவு பிராயச்சித்தமாக ஓசூர் தன் சொந்தச் செலவில், பொதுக்கணக்கில் சேராமல், சிதம்பரத்துக்கு நோர்மா பாஸ்தா வாங்கிக்கொடுத்தான்: பொரித்த கத்திரிக்காய், தக்காளி, மேலே உப்பிட்டுக் காய்ந்த ரிக்கோத்தாப் பாலாடைக்கட்டி. 1801இல் இந்த ஊரில் பிறந்த இசையமைப்பாளர் பெல்லினியின் இசைநாடகப் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள் என்கிறார்கள். ஓசூர் அதைச் சொல்ல வாயெடுத்தான். சிதம்பரம் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

அக்டோபர் 9, புதன்: சிராகூசா

வட்டார ரயிலுக்கு இயந்திரத்தில் வாங்கும் காகிதப் பயணச்சீட்டை, ஏறுமுன் நடைமேடையில் உள்ள சிறு பெட்டியில் நுழைத்து நேரமுத்திரை குத்தவேண்டும். இது எங்களுக்குத் தெரியும். மூன்று நாள் தவறாமல் குத்தினோம் என்றுதான் எழுத ஆசை. ஆனால் அன்று வண்டி புறப்படும் நேரத்தில் ஓடி ஏறினோம். பரிசோதகர் வந்தார். முத்திரையில்லாத நான்கு சீட்டுகளையும் விசிறிபோல் விரித்துப் பிடித்து, ஆளுக்கு 50 யூரோ என்றார். 200 யூரோ என்பது எங்கள் கணக்கில் நால்வரின் ஏறத்தாழ ஒரு நாள் வாழ்க்கை.

எங்கள் எதிரே எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், மடியில் பிளாஸ்டிக் பையுடன் இருந்தார். அவர் பேசத் தொடங்கினார். முதலில் அமர்ந்தபடி, பிறகு எழுந்து நின்று. அவர் சொன்னதில் தென்காசிக்குப் புரிந்தது இவ்வளவுதான்: இவர்கள் ஓடி வந்து ஏறியதை நான் பார்த்தேன், சீட்டில் இன்றைய தேதி இருக்கிறது, உனக்கும் அம்மா இருக்கிறாள். பரிசோதகர் பதில் சொன்னார். அம்மாள் அதற்குப் பதில் சொன்னார். அடுத்த வரிசையில் இருந்தவர்களும் கருத்துச் சொல்லத் தொடங்கினர். எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் பரிசோதகர் பேனாவை எடுத்து நான்கு சீட்டுகளிலும் நேரத்தை எழுதி, கையெழுத்திட்டு, எச்சரிக்கை விரலை என்னை நோக்கி ஆட்டிவிட்டுப் போனார். அதற்குள் சிதம்பரம் பணப்பையை வெளியே எடுத்திருந்ததற்கு அந்த அம்மாள் அவனைத் திட்டினார்.

பிறகு மடியிலிருந்த பையைத் திறந்தார். சப்பாத்திக்கள்ளிப் பழம். அக்டோபர் இங்கே அதன் பருவம்; வேலியோரமெல்லாம் காய்த்துக் கிடக்கிறது, சந்தையில் எடைபோட்டு விற்கிறார்கள். அவர் கத்தியால் இரு முனையையும் சீவி, நெடுக ஒரு கீறல் போட்டு, முள் கையில் படாமல் தோலை உரித்துத் தந்தார். கரிசல்காட்டில் வளர்ந்தவன் என்பதால் அந்தப் பழத்தை நான் நாக்குச் சிவக்கத் தின்றிருக்கிறேன். முள்ளை மண்ணில் தேய்த்து எடுப்போம். நானும் ஒன்றை வாங்கி உரித்துக் காட்டினேன். அவர் என் கையை உற்றுப் பார்த்தார். முள் ஏறிவிட்டது. சிராகூசா வரை அதைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

சிராகூசாவின் பெருங்கோயில் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதெனா தெய்வத்துக்குக் கிரேக்கர் எழுப்பிய கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. பழைய தூண்களை இடிக்காமல் இடைவெளிகளைச் சுவரெழுப்பி மூடி மாதாகோயிலாக்கிக்கொண்டார்கள். தூண்கள் சுவரிலிருந்து பாதி வெளியே துருத்திக்கொண்டு நிற்கின்றன. திரும்பும்போது நால்வரும் இரண்டிரண்டு முறை முத்திரை குத்தினோம்.

அக்டோபர் 10, வியாழன்

நாள் முழுவதும் மழை. காசு போட்டுத் துவைக்கும் கடையில் துணி துவைத்தோம். எட்னா தெரியவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி: பலெர்மோ

நிலையத்துக்குப் போனால் ரயில் வேலைநிறுத்தம். யாரும் பதறவில்லை. வேலைநிறுத்த நாள்களிலும் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் வட்டார வண்டிகள் ஓடியாக வேண்டும் என்பது விதி. நாங்கள் போனது ஒன்பதரைக்கு. இரண்டு நாள் முன்பே ஊர் முழுக்கத் தெரிந்த செய்தியாம். செய்தித்தாள் வாங்கினால் காசு என்று வாங்காமல் இருந்த கணக்குப்பிள்ளையை மூவரும் பார்த்தார்கள். பேருந்தில் போனோம். தீவின் நடுப்பகுதி அறுவடை முடிந்த கோதுமைக் காடு, மொட்டை மலைகள்.

மாலையில் பலாரோ சந்தை. கடலைமாவைக் காய்ச்சி ஆறவைத்து வெட்டிப் பொரித்த பனெல்லேயை ரொட்டிக்குள் வைத்து 3 யூரோவுக்குத் தந்தார்கள். சிதம்பரம் அடுத்த இரண்டு நாளும் வேறெதையும் தொடவில்லை. இங்கே சோற்றுருண்டை கூம்பு வடிவத்திலிருந்து உருண்டைக்கு மாறுவதோடு பெண்பாலாகவும் மாறி "அரான்சினா" ஆகிவிடுகிறது; தெரியாமல் கத்தானியாக்காரன்போல் ஆண்பாலில் கேட்ட தென்காசியைக் கடைக்காரர் திருத்திவிட்டுத்தான் கொடுத்தார்.

சந்தையின் வளைவு ஒன்றில் கறிவேப்பிலை மணம் வந்தது. நின்றோம். கடைக்குள் புளி, மிளகாய்த்தூள், முருங்கைக்காய். பலெர்மோவில் ஈழத்தமிழர் பெருந்தொகையாய் வாழ்வதை ஓசூர் படித்திருந்தான், என்றாலும் "என்ன வேணும், தம்பியவை?" என்ற குரலை அவனும் எதிர்பார்க்கவில்லை. கடைக்காரர் யாழ்ப்பாணத்துப் பெரியவர். ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போவதாகவும், எங்களையும் வரும்படியும் சொன்னார்.

அக்டோபர் 13, ஞாயிறு: பெல்லெக்ரீனோ மலை

மலை 600 மீட்டர் உயரம். கல்பாவிய பழைய பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. காலை ஏழு மணிக்கே தமிழ்க் குடும்பங்கள் ஏறிக்கொண்டிருந்தன. சிலர் வெறுங்காலோடு, சிலர் தோளில் குழந்தையோடு. பிள்ளைகள் தங்களுக்குள் இத்தாலியனிலும் தாயோடு தமிழிலும் பேசின. பெரியவர் எங்களைவிட வேகமாக ஏறினார்.

புனித ரொசாலியாவின் கோயில் ஒரு குகை. 12ஆம் நூற்றாண்டில் இங்கே தனித்து வாழ்ந்தவர் என்று நம்பப்படுகிறார். 1624இல் நகரத்தில் கொள்ளைநோய் பரவியபோது அவருடைய எலும்புகள் இந்த மலையில் கிடைத்தன. அவற்றை ஊர்வலமாகக் கொண்டுபோன பின் நோய் நின்றதாகச் சொல்லி, ஊர் அவரைக் காவலாக ஏற்றுக்கொண்டது. குகைக்கூரையில் கசியும் நீரை உலோகத் தகடுகள் வாய்க்கால்போல் பிடித்துக்கொண்டு போகின்றன. அந்த நீரைத் தீர்த்தமாகக் கருதுகிறார்கள். பொன்னுடை போர்த்துச் சாய்ந்து படுத்திருக்கும் சிலை கண்ணாடிக்குள். பொட்டு வைத்த பெண்களும் சிலுவை அணிந்த பெண்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். "இவ எல்லாருக்கும் பொது" என்றார் பெரியவர், அதற்கு மேல் விளக்கவில்லை.

வெளியே மர நிழலில் அவர் மனைவி குடுவையிலிருந்து தேநீர் ஊற்றித் தந்தார். எந்த வழியாக வந்தீர்கள் என்று கேட்டார் பெரியவர். ஓசூர் ரயில் கப்பலேறிய கதையைக் கைகளை வீசி விவரித்தான். அவர் முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நான் சின்னப் பெடியனா இருக்கேக்குள்ள தலைமன்னாரில இருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பலில வந்தனான், தம்பி. அங்க நாங்கள் ரயிலால இறங்கிக் கப்பல் ஏறோணும். இங்க வந்து முதல் தரம் ரயிலுக்குள்ள இருந்தபடியே கடல் தாண்டேக்க, எங்கயோ இறங்க மறந்து போனன் எண்டு பயந்திட்டன்."

தேநீருக்குப் பின் இடியப்பமும் சம்பலும் வந்தன. நான் பணப்பையைத் தொட்டதை அவர் மனைவி பார்த்துவிட்டார். நேப்பிள்ஸ் ரயிலில் ரொட்டி நீட்டிய அம்மாளின் அதே முகம்.

அக்டோபர் 13 இரவு, 14 திங்கள்

இரவு ரயிலில் ரோமுக்குத் திரும்பினோம். இந்த முறை கப்பலில் தட்டு காலியாகிவிடக் கூடாது என்று ஓசூர் பலெர்மோவிலேயே ஆறு அரான்சினா வாங்கி, சிதம்பரத்துக்கு இரண்டு கீரை வைத்தது என்று மூன்று முறை கேட்டு உறுதிசெய்து, துணியில் சுற்றி வைத்துக்கொண்டான். நள்ளிரவு மேல்தளத்தில், மெசினா விளக்குகளைப் பார்த்தபடி சாப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. கடிகாரத்தில் மணி வைத்தான்.

மலையேறிய களைப்பு. யாருக்கும் மணிச் சத்தம் கேட்கவில்லை; பெட்டிகளைப் பிரித்ததும் தெரியாது, சங்கிலி மாட்டியதும் தெரியாது. நான் கண்விழித்தபோது சன்னலுக்கு வெளியே விடிந்துகொண்டிருந்தது, இடப்பக்கம் கடல் இருந்தது. கலாப்ரியா. ஓசூர் எழுந்து உட்கார்ந்து, வெளியே பார்த்து, துணியை அவிழ்த்து, குளிர்ந்துபோன ஒன்றை எடுத்துக் கடித்தான். மற்றவற்றை எங்கள் பக்கம் தள்ளினான்.